வெட்டிப் பார்ப்பதா, தேடிப் பார்ப்பதா? மீள்வளர்ச்சிச் செயற்றிட்டத்துக்கு மட்டக்களப்பில் எந்த உயிரி?

உயர்தர உயிரியல் மாணவர்கள் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடும் காலம் வந்தால், இழந்த உறுப்பு மீண்டும் வளர்வது பற்றிய யோசனை எப்படியும் எழும். எழுந்த கையோடு ஒரு பல்லியும் ஒரு சவர அலகும் பேச்சில் வந்துவிடும். மட்டக்களப்பில் உயிரியல் கற்பிப்பவன் என்ற முறையில் இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். தலைப்பு மிக நல்லது. தெரிவுசெய்யும் விலங்கும் வழியும்தான் பெரும்பாலும் பிழைத்துப்போகின்றன. ஆகவே நமது மாவட்டத்திலும் அம்பாறையிலும் கைக்கெட்டும் உயிரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை எடுக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று என் முடிவைச் சொல்கிறேன்.

ஒரு பாடசாலையிடம் என்ன இருக்கிறது? ஒரு தவணை, அதாவது ஏறத்தாழ மூன்று மாதம். சில கைவில்லைகள், எங்காவது வேலை செய்யும் ஒரு நுணுக்குக்காட்டி, யாரோ ஒருவரின் கைத்தொலைபேசிக் கமரா, கிணற்று நீர். குளிரூட்டிய அறையோ கடல்நீர்த் தொட்டியோ இல்லை. இவற்றுக்குள் மாற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். விலங்கு அலையாமல் கிடைக்க வேண்டும். அதற்கு நாம் கொடுக்கும் துன்பம் இயன்றவரை இல்லாமல் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாணவர் மனத்தில் உண்மையாகவே கிடக்கும் கேள்விக்கு அது ஒரு பதிலையாவது தர வேண்டும்.

அந்தக் கேள்வி என்னவென்று இங்கே கற்பிக்கும் எல்லோருக்கும் தெரியும். போரில் கையோ காலோ இழந்தவர்கள் இல்லாத ஊர் இந்தப் பக்கத்தில் அரிது. ஒரு பிள்ளைக்கு அது தந்தை, இன்னொரு பிள்ளைக்கு மாமா. பல்லிக்கு வால் வளர்கிறது, நண்டுக்குக் கொடுக்கு வளர்கிறது, மனிதருக்கு ஏன் வளர்வதில்லை என்று வகுப்பில் ஒருவர் எழுந்து கேட்டால், அதைப் பரீட்சைக்கான கேள்வியாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்தத் தெரிவை நான் இவ்வளவு அக்கறையோடு எடுத்துக்கொள்வதற்கு அதுவே காரணம்.

பல்லியும் அதன் உறவுகளும்

பல்லியை எல்லோரும் நினைப்பதற்குக் காரணம் அது சுவரில் இருப்பதுதான். வால் விழுவதும் துடிப்பதும் எல்லா வீட்டிலும் கண்ட காட்சி. உள்ளே நடப்பதைக் கவனித்தவர்கள் குறைவு. பல்லியின் வால் முள்ளென்புகளுக்குக் குறுக்கே, பிறக்கும்போதே அமைந்த முறிதளங்கள் இருக்கின்றன. ஆபத்து வந்தால் பல்லி அந்த இடத்துத் தசைகளை இறுக்கித் தானே வாலை முறித்துவிடுகிறது. இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுவதால் இரத்தம் அதிகம் போவதில்லை. சில வாரங்களில் புதிய வால் தலைகாட்டி, பிறகு மெல்ல நீள்கிறது. ஆனால் வளர்ந்தது பழைய வால் இல்லை. முள்ளென்புகள் இருக்க வேண்டிய இடத்தில் கசியிழையத்தாலான ஒரு குழாய் மட்டும் ஓடுகிறது. அதில் முறிதளமும் இல்லை. அடுத்த முறை முறிய வேண்டுமானால், அதற்கும் மேலே, மிஞ்சியிருக்கும் பழைய வாலில்தான் முறிய முடியும்.

வாலில் பல்லி கொழுப்பைச் சேமித்து வைக்கிறது. அதை இழந்த பல்லி, உணவு குறைந்த நாட்களுக்கும் முட்டையிடுவதற்கும் வைத்திருந்த சேமிப்பை இழந்த பல்லி. ஓர் அலகால் அதைச் செய்துவிட்டு வளர்ச்சியை அளந்தோம் என்று எழுதுவதில் எனக்குச் சிறிதும் உடன்பாடு இல்லை. முதுகெலும்புள்ள ஒரு விலங்கின் உடலைப் பாடசாலைச் செயற்றிட்டத்துக்காக வெட்டக் கூடாது. இதை விவாதத்துக்குரிய கருத்தாகச் சொல்லவில்லை, முன்நிபந்தனையாகச் சொல்கிறேன்.

அதற்காகப் பல்லியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நம் வீட்டுச் சுவர்களில் அதிகம் காணப்படும் வீட்டுப் பல்லியின் அசல் வாலில் சிறு முட்கள் போன்ற புடைப்புகள் வளையம் வளையமாக இருக்கும். மீண்டும் வளர்ந்த பகுதியில் அவை இருப்பதில்லை. வழவழப்பாகவும் நிறம் சற்று மாறியும் தெரியும். இரவில் விளக்கடியில் பூச்சிக்குக் காத்திருக்கும் பல்லிகளைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், யார் வால் இழந்தவர், எந்த இடத்தில் இழந்தவர் என்று எண்ணிவிடலாம். பாடசாலை விடுதிச் சுவரும் வயலோரக் கொட்டிலும் இந்த விடயத்தில் வேறுபடுகின்றனவா என்று கேட்கலாம். ஒரு பல்லியையும் தொடாமல் நல்ல செயற்றிட்டம் ஒன்று கிடைத்துவிடுகிறது.

ஒப்பிட இன்னும் இருவர் வேலியோரத்தில் இருக்கிறார்கள். அரணை பல்லியைப் போலவே வாலைக் கழற்றிவிட்டு மீண்டும் வளர்க்கும். ஓணான் அப்படிக் கழற்றிவிடுவதில்லை. உடும்புக்கும் இழந்த வால் திரும்பி வளர்வதில்லை. ஒரே பெரிய குடும்பத்துக்குள் இவ்வளவு வேறுபாடு இருப்பதைக் கவனிக்கும் மாணவருக்கு, ஊர்வன எல்லாம் ஒன்று என்ற எண்ணம் அங்கேயே கலைந்துவிடும்.

கைக்கு எட்டாதவை

மெக்சிக்கோவின் சொச்சிமில்கோ ஏரியைச் சேர்ந்த ஆக்சொலொட்டல் என்ற வாலுள்ள ஈரூடகவாழி இந்தத் துறையின் நட்சத்திரம். கால் முழுவதையும், என்பு, தசை, நரம்பு, தோல், விரல் எனக் குறையில்லாமல் திரும்ப வளர்க்கிறது. அதற்குக் குளிர்ந்த நீர் வேண்டும். நமது வெக்கையில் அதைக் கொண்டுவந்து வைப்பது கொடுமை. காட்டில் அது அழிவின் விளிம்பில் இருக்கிறது. வளர்க்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள், படிக்கும் எண்ணத்தை விடாதீர்கள். 2018 இல் அதன் மரபணுத் தொகுதி வாசிக்கப்பட்டபோது அது 3,200 கோடி எழுத்துகள் கொண்டது, மனிதருடையதைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு என்று தெரியவந்தது. வெட்டுவாயைத் தோல் விரைவாக மூடிக்கொள்ள, அதன் அடியில் இருந்த கலங்கள் தம் முதிர்ந்த நிலையிலிருந்து ஒரு படி இறங்கிப் பெருகி, ஓர் அரும்பாகத் திரள்கின்றன. அந்த அரும்பிலிருந்துதான் புதிய கால் வருகிறது. 2013 இல் அவுஸ்திரேலியாவில் நடந்த ஆய்வொன்று, காயத்துக்கு வரும் பெருவிழுங்கிக் கலங்களை அகற்றிவிட்டால் ஆக்சொலொட்டலும் தழும்போடு நின்றுவிடுகிறது, கால் வளர்வதில்லை என்று காட்டியது. தழும்பா, அரும்பா என்ற அந்தப் பிரிகோட்டில்தான் நமது கேள்வியும் நிற்கிறது.

பாசிக்குடா, கல்குடாப் பக்கத்துப் பிள்ளைகள் நட்சத்திர மீனையும் கடலட்டையையும் சொல்வார்கள். நட்சத்திர மீனின் கை வளர மாதக்கணக்கில், சிலவற்றில் ஓராண்டுக்கும் மேலாக ஆகும். தவணைக்குள் அடங்காது. கடலட்டை ஆபத்தில் தன் குடலையே வெளியே தள்ளிவிட்டுச் சில வாரங்களில் புதிதாக வளர்த்துக்கொள்வது வியப்பானதுதான். ஆனால் கடலட்டை பிடிக்க அனுமதிப்பத்திரம் தேவை. பவளப்பாறைப் பக்கம் போய் எதையும் எடுத்துவர வேண்டாம்.

அம்பாறை மாணவர்களுக்கு மட்டும் ஒன்று உண்டு. லாகுகலை, குமணை, கல்லோயாப் பக்கம் சுற்றுலா போனால் மான்களின் கொம்புகளைக் கவனியுங்கள். மாட்டின் கொம்பு வாழ்நாள் முழுவதும் நிற்பது. மானின் கிளைக்கொம்பு விழுந்து மீண்டும் முளைப்பது. என்பு, இரத்தக் குழாய், நரம்பு, மென்மயிர்த் தோல் எல்லாம் கொண்ட ஓர் உறுப்பு முழுதாகத் திரும்பத் திரும்ப வளர்வது பாலூட்டிகளில் இந்தக் குடும்பத்தில்தான். பெரிய மான் இனங்களில் அது வளரும் காலத்தில் நாளுக்கு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் நீளக்கூடியது. புள்ளிமான் கூட்டத்தில் மென்மயிர் மூடிய கொம்போடு சிலதும், உலர்ந்து கூரான கொம்போடு சிலதும் ஒரே நாளில் காணக் கிடைக்கும். பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு வாருங்கள். விழுந்து கிடக்கும் கொம்பையும் அங்கேயே விட்டுவிட வேண்டும்.

புழுக்கள்

மண்புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு மண்புழு என்ற நம்பிக்கை எப்படியோ தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலான மண்புழுக்களில் முன்பகுதி, போதிய கண்டங்கள் (உடல் வளையங்கள்) மிஞ்சியிருந்தால், வால் பக்கத்தை வளர்த்துக்கொள்ளும். பின்பகுதி செத்துப்போகும். தலைப்பக்கத்தில் சில கண்டங்கள் மட்டும் போனால் சில இனங்கள் அவற்றை மீட்டுக்கொள்கின்றன. எரு தயாரிக்கப் பயன்படும் பெரியோனிக்ஸ் இனம் இந்த ஆற்றலில் மற்றவற்றை விட மேலானது. இருந்தும் மண்புழுவுக்கு மூளை போன்ற நரம்புத் திரட்டும் உடல் நெடுக ஒரு நரம்பு வடமும் இருக்கின்றன. வெட்டுவதால் நாம் கற்றுக்கொள்வது குறைவு, அது படுவது அதிகம். விட்டுவிடலாம்.

தட்டைப்புழு வேறு கதை. 1898 இல் தோமஸ் ஹண்ட் மோர்கன், பின்னாளில் பழ ஈயின் மரபியலுக்காக நோபல் பரிசு பெற்றவர், நன்னீர்த் தட்டைப்புழுவான பிளனேரியாவின் 279 இல் ஒரு பங்குத் துண்டு முழு உடலாக வளர முடியும் என்று எழுதினார். இந்த ஆற்றல் அதன் உடலெங்கும் சிதறிக் கிடக்கும், வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக்கலங்களில் இருக்கிறது. 2011 இல் வெளியான ஆய்வொன்றில், கதிர்வீச்சால் தன் மூலக்கலங்கள் அனைத்தையும் இழந்து சாக இருந்த புழுவுக்குள் வேறொரு புழுவின் ஒரேயொரு மூலக்கலத்தைச் செலுத்தினார்கள். அந்த ஒரு கலத்தின் சந்ததி உடல் முழுவதையும் புதுப்பித்தது.

நன்னீர்ப் பிளனேரியா தெளிந்து ஓடும் நீரில் கல்லடியில் வாழ்வது. நமது களிமண் குளங்களில் தேடி ஏமாற வாய்ப்பு அதிகம். அதன் தரைவாழ் உறவு ஒன்று மாரியில் பூச்சாடிகளுக்கு அடியிலும் ஈரச் செங்கல்லுக்கு அடியிலும் காணக் கிடைக்கும். நீளமாக, நாடா போல, முதுகில் கருங்கோடுகளோடு, தலை அரைவட்டமாக விரிந்து இருக்கும். பைபேலியம் என்பது அதன் பேரினப் பெயர். இதை நான் விரும்புவதற்குக் காரணம், அலகு வேண்டியதில்லை என்பது. வாலின் நுனியை ஓர் இடத்தில் ஒட்டிவைத்துவிட்டு மற்ற உடல் முன்னே இழுத்துக்கொண்டு போய்விடும். விடப்பட்ட துண்டு சில நாள் அசைவில்லாமல் கிடந்து, ஒரு வாரம் பத்து நாளில் தலை வைக்கத் தொடங்கும். அதன் இனப்பெருக்க முறையே அதுதான். இரண்டு எச்சரிக்கை: சில பைபேலியம் இனங்களில் பேத்தை மீனில் உள்ள அதே ரெட்ரோடொட்டொக்சின் நஞ்சு இருப்பது 2014 இல் தெரியவந்தது, ஆகவே வெறுங்கையால் தொடாமல் இலையாலோ தூரிகையாலோ எடுக்க வேண்டும். இது மண்புழுவைத் தின்பது, ஆகவே வேலை முடிந்ததும் எருக்குழிப் பக்கம் கொட்டிவிடக் கூடாது.

ஐதரா: அலகை எடுக்க நான் சம்மதிக்கும் ஒரே உயிரி

இந்தத் துறையின் தொடக்ககாலப் புகழ்பெற்ற பரிசோதனை ஒன்று நடந்தது நன்னீரில் வாழும் மிகச் சிறிய உயிரியான ஐதராவில்தான். 1740 இல் ஹேக் நகரில் ஒரு பிரபுவின் இரு பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்த ஆபிரகாம் திரம்ப்ளே, குளத்து நீரில் பச்சையாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு சிறு பொருளைக் கண்டார். தாவரமா விலங்கா என்று தெரியவில்லை. தாவரமானால் வெட்டினாலும் தழைக்கும், விலங்கானால் செத்துப்போகும் என்று எண்ணி இரண்டாக வெட்டினார். இரண்டு துண்டும் முழு உயிரிகளாயின. ஆனால் அது நடந்தது, இரை பிடித்தது, விழுங்கியது. விலங்குதான். அவர் அன்று வைத்திருந்தது ஒரு கைவில்லையும் ஒரு கண்ணாடிப் போத்தலும். கூடவே இரண்டு மாணவர்கள். நமது பாடசாலைகளில் இல்லாதது எதுவும் அங்கே இருக்கவில்லை.

ஐதராவுக்கு மூளை கிடையாது. நரம்புக் கலங்கள் உடலில் வலையாகப் பரந்திருக்கும், அவ்வளவுதான். அது தானாகவே மொட்டுவிட்டுப் பெருகுகிறது. உடலை இரண்டாக்கினால் மேல்துண்டின் அடியில் பாதமும், கீழ்த்துண்டின் உச்சியில் வாயும் உணர்கொம்புகளும் வருகின்றன. பாதமும் வாயும் ஒருபோதும் இடம் மாறி முளைப்பதில்லை. இரண்டு மூன்று நாளில் உணர்கொம்புகள் முளைத்துவிடும். பெருமளவில் புதிய கலங்கள் உண்டாவதற்குக் காத்திராமல், இருக்கும் இழையமே தன்னை மறுபடி ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. ஆகவே முதலில் கிடைப்பது சிறிய ஐதரா, பிறகு உண்டு வளர்கிறது. 1972 இல் ஜெர்மனியில் அல்பிரட் கீரரும் சகாக்களும் ஐதராக்களைத் தனிக் கலங்களாகவே பிரித்து மீண்டும் ஒரு திரளாக்கினர். அந்தத் திரளிலிருந்தும் ஐதராக்கள் உருவாகின. உயர்தர மாணவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை என்பது என் கருத்து: தான் உடலின் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை ஒரு கலம் எப்படி அறிகிறது?

தேடும் விதம் எளிது. குளத்தில் அல்லி இலையின் அடிப்புறம், நீரில் ஊறிக் கிடக்கும் தண்டு, மிதக்கும் களைகள் ஆகியவற்றைக் குளத்து நீரோடு கண்ணாடிப் போத்தலில் போட்டு, வெளிச்சம் வரும் யன்னலருகே அசையாமல் ஓர் இரவு வையுங்கள். ஐதரா இருந்தால் வெளிச்சப் பக்கக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நூல் போல நீண்டு நிற்கும். நீர்த்தெள்ளு கொடுத்தால் பிடித்துத் தின்னும். மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும், உப்புநீர்ச் சிற்றுயிரியான ஆர்ட்டீமியாவின் முட்டைகளைப் பொரிக்க வைத்தும் கொடுக்கலாம், உப்பு நீரைக் கழுவிவிட்டு. குளோரின் கலந்த குழாய்நீர் அதற்கு நஞ்சு; செம்பும் ஆகாது.

ஐதராவின் பெரிய குறை நமது காலநிலைதான். சித்திரை, வைகாசி வெயிலில் ஆய்வுகூட மேசையில் வைத்த போத்தலில் அது சுருங்கிக் கரைந்துவிடும். மாரி தொடங்கி மார்கழி, தையில் செய்தால் பிழைக்கும். போத்தலை ஈர மணலில் புதைத்த மண்சட்டிக்குள் வைப்பது உதவும். நுணுக்குக்காட்டியோ நல்ல கைவில்லையோ இல்லாத பாடசாலைக்கு இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். பார்க்க முடியாததைப் பார்த்ததாக எழுதும் பழக்கத்துக்கு அது இட்டுச்செல்லும்.

வாற்பேத்தையும் மீனும்

மனிதருக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்கு மிக அருகில் வருவது வாற்பேத்தை. இளம் வாற்பேத்தை இழந்த வாலை வளர்க்கும். பின்காலின் அரும்பை இழந்தால் அதையும் வளர்க்கும். உருமாற்றம் முன்னேற முன்னேறக் காலை வளர்க்கும் ஆற்றல் தேய்ந்து, தவளையானதும் ஏறத்தாழ இல்லாமல் போகிறது. ஒரே உயிரியின் வாழ்நாளுக்குள் அந்த ஆற்றல் இருந்து பின் மறைவதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காண முடியாது. 1992 இல் ஒடிசாவின் உத்கல் பல்கலைக்கழகத்தில் பிரியம்வதா மொஹந்தி ஹெஜ்மாடியும் சகாக்களும், வால் வெட்டப்பட்ட வாற்பேத்தைகளை விற்றமின் ஏ கலந்த நீரில் வைத்தபோது வால் வர வேண்டிய இடத்தில் பின்கால்கள் முளைத்ததை வெளியிட்டனர். அவர்கள் பயன்படுத்திய உருண்டைத் தவளை இனம் நமது உலர்வலயத்திலும் வாழ்கிறது.

ஆசை வருகிறது, தெரியும். ஆனாலும் இதற்கும் முன்சொன்ன நிபந்தனைதான். அதோடு நமது நாட்டுத் தவளைகளில் பல வேறெங்கும் இல்லாதவை. எந்த இனமென்று தெரியாமல் கைவைக்கக் கூடாது. மாரியில் நீர் தேங்கிய பள்ளத்தில் தும்பிக் குடம்பிகளும் மீன்குஞ்சுகளும் வாற்பேத்தைகளின் வாலைக் கடித்துக்கொண்டேயிருக்கின்றன. வெள்ளைத் தட்டில் அள்ளி, வால் குறைந்தவற்றை எண்ணிப் படமெடுத்து, அங்கேயே திரும்ப விடலாம். எந்த வளர்ச்சிப் படியில் எத்தனை என்று பிரித்தால் போதும். பள்ளங்கள் வற்றுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதுதான் இதன் கெடுபிடி.

மீன் அதைவிட வசதி. மீனின் செட்டை முழுமையாக மீண்டும் வளரும் உறுப்பு. சீப்ரா மீனில் வாற்செட்டை ஏறத்தாழ இரண்டு வாரத்தில் திரும்பிவிடுகிறது. 2002 இல் கென்னத் பொஸ்ஸும் சகாக்களும் அதன் இதய அறையின் ஐந்தில் ஒரு பங்கை அகற்றினார்கள். இரண்டு மாதத்தில் தழும்பில்லாமல் இதயத் தசை நிரம்பியிருந்தது. செட்டையில் நடப்பது ஆக்சொலொட்டலின் காலில் நடப்பதற்கு ஒப்பான அரும்பு முறைதான். என்புக் கலங்கள் என்பையும் தோற்கலங்கள் தோலையும் ஆக்குகின்றன, ஒன்று மற்றொன்றாவதில்லை.

கப்பி என்ற சிறு தொட்டிமீன் வளர்க்கும் வீட்டில் செட்டை கிழிந்த மீன் எப்போதும் ஒன்றிருக்கும். கூட இருக்கும் மீன்கள் கடித்திருக்கும். அதைத் தனிப் போத்தலுக்கு மாற்றி, பின்னால் வரைபுத் தாளை வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் படமெடுத்தால் தவணைக்குள் முழு வளர்ச்சியும் பதிவாகிவிடும். செட்டையின் அடிப்பக்கமாக இழந்தால் வேகமாகவும், நுனியில் மட்டும் இழந்தால் மெதுவாகவும் வளரும் என்பது நூற்றாண்டுக்கு மேலாகத் தெரிந்த செய்தி. எவ்வளவு போயிற்று என்பதைச் செட்டை எப்படியோ அறிகிறது. கடிபட்ட அளவு வேறுபட்ட சில மீன்கள் இருந்தால் பிள்ளைகளே அதைச் சோதித்துப் பார்க்கலாம். நுணுக்குக்காட்டி இல்லாத பாடசாலைக்கு இதுவே என் சிபாரிசு.

நண்டு

களப்பு நண்டை நான் கடைசிக்கு வைத்தது அதன் மேல் எனக்குள்ள விருப்பத்தால். மட்டக்களப்பில் பிறந்த பிள்ளைக்கு நண்டைத் தெரியாமல் இருக்காது. ஒரு கொடுக்குப் பெரிதாகவும் மற்றது சூம்பியும் இருந்த நண்டை எல்லோரும் கறியில் கண்டிருப்பார்கள். அந்தச் சூம்பிய கொடுக்குப் பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துகொண்டிருந்த கொடுக்கு.

நண்டின் ஒவ்வொரு காலிலும் உடலுக்கு அண்மையில் ஒரு முறிதளம் உண்டு. கால் அகப்பட்டால் நண்டு தசையை இறுக்கி அந்த இடத்தில் கழற்றிவிடுகிறது. அங்கே உள்ள ஒரு மென்சவ்வு உடனே அடைத்துக்கொள்வதால் இரத்தம் வீணாவதில்லை. நுனியில் நசுங்கினாலும் அடியில்தான் கழற்றும். பிறகு அந்தத் தண்டில் ஒரு சிறு குருத்துத் தோன்றி, மெல்லிய உறைக்குள் மடிந்தபடியே வளர்கிறது. ஓடு கடினமானது என்பதால் அதற்கு மேல் நீள இடமில்லை. நண்டு அடுத்த முறை ஓடு கழற்றும்போதுதான் அந்த மடிந்த கால் விரிந்து வெளிவருகிறது. முதல் முறை சிறியதாகவும், ஒவ்வொரு ஓடு கழற்றலிலும் பெரிதாகவும் ஆகிறது. இளம் நண்டு அடிக்கடி ஓடு கழற்றுவது, ஆகவே விரைவில் மீள்கிறது. முதிர்ந்த பெரிய நண்டு அரிதாகக் கழற்றுவது, ஆகவே இழந்தபடியே நீண்டகாலம் திரிய நேரும். பல கால்களை ஒரே நேரத்தில் இழந்த நண்டுகள் ஓடு கழற்றலையே முன்தள்ளிக்கொள்வதும் அறியப்பட்டிருக்கிறது. பல்லியோடு ஒப்பிட்டால் நண்டின் புதிய கால் முழுமையானது: மூட்டு, தசை, நரம்பு எல்லாம் உண்டு.

அமெரிக்காவின் புளோரிடாவில் கல் நண்டு மீன்பிடி முழுவதுமே இந்த ஆற்றலை நம்பியது. கொடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு நண்டைக் கடலில் விட்டுவிடுகிறார்கள். கேட்க நல்லதாக இருக்கும். பிழையாக முறித்தால் நண்டு செத்துவிடும், இரண்டு கொடுக்கும் போனவை பிழைப்பது மேலும் கடினம். மீள வளரும் என்பதற்காக எடுத்துவிடலாம் என்ற வாதத்தை மாணவர்களோடு பேசுவதற்கு இது நல்ல இடம். நமது களப்பில் கொடுக்கு இழந்த நண்டுக்கு விலை குறைகிறது. ஆகவே மீனவருக்கும் இந்த உயிரியலில் நேரடி அக்கறை உண்டு.

காலையில் இறங்குதுறைக்குப் போய், நண்டு நிறுக்குமுன் மீனவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு எண்ணுவதுதான் வேலை. அவர்களின் நேரத்தைத் தின்னாமல் இருவர் பார்க்க ஒருவர் எழுத வேண்டும். கட்டியிருக்கும் கொடுக்கை ஒருபோதும் அவிழ்க்கக் கூடாது. ஒன்றில் மட்டும் மிகக் கவனம் வேண்டும்: வலையிலிருந்து பிரிக்கும்போதே பல நண்டுகள் காலைக் கழற்றிவிடும். அந்தப் புதிய முறிவையும் களப்பில் நேர்ந்த பழைய இழப்பையும் சேர்த்து எண்ணினால் கணக்குப் பாழ். புதிய முறிவு வெளிறி ஈரமாக இருக்கும். பழையது கறுத்துக் காய்ந்திருக்கும், அல்லது குருத்து விட்டிருக்கும். கூட்டில் பிடித்த நண்டையும் வலையில் பிடித்த நண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதினால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

என் முடிவு

பாடசாலை ஒன்றையே எடுக்க முடியுமானால் நண்டுக் கணக்கெடுப்பை எடுங்கள். செலவில்லை, வெட்டில்லை, முழுக் களப்பும் ஆய்வுகூடம். அதன் குறை, ஒரே நண்டின் வளர்ச்சியைத் தொடர்ந்து பார்க்க முடியாது என்பது. அதைக் கப்பியின் செட்டை ஈடுசெய்யும். நுணுக்குக்காட்டியும் பொறுமையும் உள்ள குழு மாரியில் ஐதராவைச் சேர்த்துக்கொள்ளலாம். களப்பும் குளமும் சுவரும் நாள்தோறும் செய்துவிடும் வெட்டை நாம் மறுபடி செய்ய வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

மனிதரைப் பற்றிய கேள்விக்கு வருவோம். அறிக்கையின் கலந்துரையாடல் பகுதியில் அதை எழுதாமல் விடாதீர்கள். மனித உடலில் இந்த ஆற்றல் முற்றாக இல்லையென்று எழுதினால் பிழை. 1974 இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் சிந்தியா இல்லிங்வேர்த் என்ற மருத்துவர், கதவில் அகப்பட்டு விரல்நுனி போன சிறுவர்களுக்கு, காயத்தைத் தைத்து மூடாமல் விட்டால் நுனி நகத்தோடு திரும்பி வளர்வதைப் பதிவுசெய்தார். நகத்தின் அடிப்படுக்கை மிஞ்சியிருக்க வேண்டும். அதையும் தாண்டிக் கைப்பக்கமாக இழந்தால் வளர்வதில்லை. ஈரலின் பெரும்பகுதி அகற்றப்பட்டாலும் மிஞ்சியது பருத்துப் பழைய எடையை எட்டுகிறது. வெட்டிய மடல் திரும்பி வருவதில்லை, மிஞ்சிய மடல்கள் பெரிதாகின்றன. கையும் காலும் போனால் நமது உடல் தழும்பிட்டு விரைவாக மூடிவிடுகிறது.

2022 இல் நிரோஷா முருகனும் சகாக்களும் அமெரிக்காவில், முதிர்ந்த தவளைகளில் ஒன்றைச் செய்துகாட்டினார்கள். கால் அகற்றப்பட்ட இடத்தில் ஐந்து மருந்துகள் கொண்ட ஒரு சிறு உறையை 24 மணிநேரம் மட்டும் வைத்தார்கள். அதன் பிறகு 18 மாதம் வளர்ச்சி தொடர்ந்தது. என்பும் நரம்பும் கொண்ட, தொட்டால் உணரும், நீந்த உதவும் ஒரு கால் வந்தது. விரல்கள் முழுமையாக அமையவில்லை. தவளையில் நடந்தது இது, மனிதரில் நடக்கவில்லை. காலிழந்த தந்தையின் பிள்ளை அந்த வகுப்பில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்து, இரண்டு வசனத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். செயற்கைக்காலைச் சரியாகப் பொருத்திக்கொள்வதும் அதைப் பழுதுபார்ப்பதும் இன்றைக்கு அந்தத் தந்தைக்கு உதவுவது. ஆய்வு அதன் வழியில் போகட்டும்.

நண்டுக் கணக்கெடுப்பைத் தொடங்கும் குழுவுக்கு: ஒரு பயிற்சிக் கொப்பியில் கொடுக்குகள் உட்படப் பத்துக் கால்களுக்கும் பத்து நிரல் போடுங்கள், இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து. ஒவ்வொன்றிலும் முழுமை, இல்லை, குருத்து, சிறியது என்ற நான்கில் ஒன்றை எழுத வேண்டும். பக்கத்தில் ஓட்டின் அகலம், ஆணா பெண்ணா, கூடா வலையா, பிடித்த இடம். வயிற்று மடல் ஒடுங்கியிருந்தால் ஆண், அகன்றிருந்தால் பெண். முட்டையோடு வந்த பெண் நண்டைக் கண்டால் அதற்கு ஒரு தனி அடையாளம் இடுங்கள்.